மீன் தொட்டிக்குப் பூசிய பசை

அவள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். விடுமுறை நாள் காலையில் மீன் தொட்டி இருந்த மேசையைத் துடைக்கப் போனவள், துணியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தாள். தொட்டியின் அடி மூலையில் உப்பு பூத்து வெள்ளையாகப் படர்ந்திருந்தது. இரண்டு கண்ணாடிகள் சேரும் இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பெண் மீன் பாறையோரம் முட்டை போட்டிருந்தது. ஆண் மீன் அதைவிட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. கடல்தண்ணீர் மீன்கள், குழாய்த் தண்ணீரில் விட்டு ஒப்பேற்ற முடியாது.

"ஏங்க, இங்க வாங்க! தொட்டி ஒழுகுது!"

கணவர் ஓடிவந்தார். ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டுபவர். தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும்.

"இதுக்கா இந்தக் கூப்பாடு? பாத்ரூம் ஓரத்துக்குப் பூசின சிலிக்கான் மிச்சம் இருக்கு. ஒரு இழு இழுத்தா ஆச்சு."

"ஐயோ, அத மட்டும் தொட்டுறாதீங்க. அதுல பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கும். தண்ணில ஊறி இறங்கினா மீன் ஒண்ணும் மிஞ்சாது."

இருவருமாகத் தொட்டித் தண்ணீரையே பெரிய பிளாஸ்டிக் டப்பில் இறைத்து, முட்டை ஒட்டிய பாறையை முதலில் இறக்கி, மீன்களை வலையில் அள்ளி விட்டார்கள். காற்று மோட்டாரும் சூடேற்றியும் டப்புக்கு மாறின. ஆண் மீன் மூலையில் ஒண்டிக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கியது.

"பரண்ல தொட்டிக்குன்னே வாங்கின டியூப் ஒண்ணு கிடக்கும். மீன் படம் போட்டிருக்கும். காஞ்சு போயிருந்தாலும் போயிருக்கும், நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன். நீங்க பழைய பசையைச் சுரண்டி வைங்க, போதும்."

மீன் கடைக்காரர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு டியூபை எடுத்து வைத்தார்.

"கலப்பில்லாத சிலிக்கான். பூசும்போது வினிகர் மாதிரி காடி வாசம் அடிக்கும், பயந்துறாதீங்க. பழைய பசை மேல புதுசு ஒட்டாது, துளிகூட விடாம சுரண்டணும். பூசினப்புறம் குறைஞ்சது ரெண்டு நாள் காயணும். அவசரப்பட்டீங்க, அவ்ளோதான்."

"ரெண்டு கட்டியைச் சேத்துப் பிசைஞ்சு ஒட்டுவாங்களே, அந்தப் பசை?"

"அது பாறை ஒட்டறதுக்கு. கண்ணாடி மூட்டுக்கு இதுதாங்க."

அப்போது கைப்பேசி அடித்தது. "டியூப் கிடைச்சிருச்சும்மா. மீன் படம் போட்டிருக்கு, பசையும் இளகலாத்தான் இருக்கு," என்றார் கணவர்.

"நான் வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க," என்றாள். என்னவோ உறுத்தியது. டியூபை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு எட்டி நடந்தாள்.

உள்ளே நுழைந்தபோது டிரைவர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார், முகமெல்லாம் பெருமை. "பூசியே முடிச்சுட்டேன்!"

காடி வாசம் துளிகூட இல்லை. தரையில் கிடந்த டியூபை எடுத்துப் பார்த்தாள். குளியலறை டியூப்தான். மேலே நீலத்தில் ஒரு தண்ணீர்த் துளி வரைந்திருந்தது.

"மீன் எங்கங்க இருக்கு இதுல?"

"அதான் போட்டிருக்கே, நீலமா."

தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். பூசிய பசை மூட்டின் மேல் இல்லை. ஒரு விரல் அகலம் தள்ளி, வெறும் கண்ணாடி மேல் நீண்டு கிடந்தது. மீன் பயம் எங்கோ போய், வேறொரு பயம் வந்தது அவளுக்கு.

"சுவர்க் கடிகாரத்துல மணி என்ன, சொல்லுங்க."

"இப்ப எதுக்கு மணி? கிண்டலா?"

"சொல்லுங்க."

அவர் கண்ணை இடுக்கினார். பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கொஞ்ச நாளா பனி மூட்டமாத்தான் தெரியுது. ரோடு பழகின ரோடு. சமாளிச்சுட்டு இருக்கேன்."

"பஸ்ல நாப்பது பேரு உக்காந்திருக்காங்க! ரோட்டுல குறுக்க வர்றவன் உங்களுக்குப் பழகினவனா?"

"வண்டிய விட்டுட்டு நான் என்னம்மா பண்ணுவேன்?"

அவள் பிளேடை எடுத்து அவர் பூசியதையும் மூட்டில் மிஞ்சியிருந்த பழைய பசையையும் சுரண்ட ஆரம்பித்தாள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், மறுபடி சுரண்டினாள், மறுபடி துடைத்தாள். அவர் எழுந்துபோய் வராந்தாவில் நின்று வண்டி மேலாளரிடம் போனில் பேசினார். "நாளைக்கு வேற ஆளப் போடுங்க சார். கண்ணு சரியில்ல. ஆமா, முன்னாடியே சொல்லியிருக்கணும்." ஒவ்வொரு சொல்லும் உள்ளே அவளுக்குக் கேட்டது.

புதுப் பசையை அவள் மூட்டு நெடுக இழுத்தாள். வீடு முழுக்கக் காடி நெடி ஏறியது.

இரண்டு நாளும் அவள் டப்பையே சுற்றிச் சுற்றி வந்தாள். முட்டைகள் வெளுத்து உதிர்ந்துவிட்டன, ஒன்றும் பொரியவில்லை. மீன்கள் பிழைத்தன. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மூலையில் காகிதம் வைத்துப் பார்த்தாள். ஈரம் ஏறவில்லை. உள்ளே விட்டதும் ஆண் மீன் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. மறுநாள்தான் இரைக்கு வெளியே வந்தது.

கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். அறுவை செய்தால் பார்வை வரும். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. திரும்பும்போது பஸ்ஸில் கணவர் பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வளைவில் வண்டி குலுங்கி நின்றதும் அவள் பக்கம் சாய்ந்தார்.

"பிரேக்க இப்படியா மிதிப்பான்? ஆளெல்லாம் முன்னால போய் விழுறாங்க."

அவளுக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. "நீங்க சும்மா வாங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.