தாதுவாகப் பதியப்பட்ட மச்சினன்

சுரங்கத்தின் அடியாழத்தில், உள்ளே போகவும் வெளியே வரவும் வழியே இல்லாத ஓர் அறைக்குத் திட்டப் பொறியாளரின் மச்சினன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டியூட்டிக்குப் போய்ச் சேர்ந்தான். எப்படி நுழைந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. லிஃப்டில் ஏறினான், கொட்டாவி விட்டான், வாயை மூடியபோது பாறைக்குள் இருந்தான்.

தப்பு பொறியாளருடையது. எங்கே குடைவது, எதை முதலில் எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று சுரங்கத்தின் ஆயுள் முழுமைக்கும் கணக்குப் போட்டு, அதிக லாபம் தரும் திட்டத்தைப் பொறுக்கியெடுக்கும் மென்பொருள் அவர் கையில் இருந்தது. உலோக விலை, லாரியின் வேகம், காற்றோட்ட விசிறியின் பலம் எல்லாவற்றையும் அதற்கு ஊட்டினார். வழி வெட்டிய பிறகே தாதுவை எடுக்க முடியும் என்ற விதியை மட்டும் விட்டுவிட்டார். இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார். வழி வெட்டும் செலவே இல்லாததால் லாபம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மேலாளர்கள் கைதட்டி, அவருக்குச் சுழல் நாற்காலி கொடுத்தார்கள். அதில் ஒரு சுற்று சுற்றி, தன்னைப் போல மூளைக்காரன் பூமிக்கு மேலேயும் இல்லை கீழேயும் இல்லை என்று முடிவு கட்டினார். நாற்காலி நிற்பதற்குள் சுரங்கம் திட்டப்படியே தன்னைத்தானே குடைந்துகொண்டுவிட்டது.

வாக்கி-டாக்கியில் மச்சினனின் குரல் வந்தது. "மாமா, ரூம் சூப்பரா இருக்கு. கதவைத்தான் காணோம்."

வெடி வைத்துப் பார்த்தார்கள். திட்டத்தில் அங்கே வழி இல்லையாதலால், புகை அடங்குமுன் பாறை மறுபடி மூடிக்கொண்டது. பொறியாளர் விடுபட்ட விதியைச் சேர்த்தார். அந்த அறையில் தாது தீர்ந்துவிட்டது, இனி வழி வெட்டுவது தண்டச்செலவு என்றது மென்பொருள். மச்சினனின் பாட்டிலில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது.

மென்பொருளுக்குப் புரிந்தது தாது ஒன்றுதான். ஆகவே மச்சினனைத் தாதுவாகப் பதிந்தார். டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று திரை கேட்டது. மனசாட்சிப்படி ஓர் எண்ணைப் போட்டார். கழிவுப் பாறை, தொட வேண்டாம் என்று பதில் வந்தது. அலுவலகத்துக்கே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி அதைப் படித்துவிட்டாள்.

"ஏங்க, என் தம்பிக்கு என்ன போட்டீங்க?"

"அவன் வேலை செய்யற அழகுக்கு..."

"ஏத்துங்க."

"பொய்க்கணக்கு எழுதச் சொல்றியா?"

"வழியில்லாம ரூம் கட்டினீங்களே, அது மெய்க்கணக்கா? ஏத்துங்கன்னா!"

ஏற்றினார். போதவில்லை. அப்போது வாக்கி-டாக்கி கரகரத்தது. "மாமா, தண்ணி தீந்துபோச்சு. அக்காகிட்ட நீங்க மறந்துட்டீங்கன்னு சொல்லிடாதீங்க. லிஃப்ட்டு ரிப்பேருன்னு சொல்லுங்க. இல்லேன்னா உங்களைத் திட்டியே தீர்த்துடும்."

பொறியாளர் தங்கத்துக்கான கட்டத்துக்குத் திரும்பினார். ஒன்பதின் மேல் விரலை வைத்து அழுத்தினார். கட்டம் நிரம்பி வழிந்தும் விரலை எடுக்கவில்லை. கொண்டு சேர்க்க வேண்டிய இடம் என்று திரை கேட்டபோது, வீடு என்று அடித்தார்.

அன்று மதியமே அவர் வீட்டு ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே தரை விலகி, லாரி போகுமளவு சரிவுப்பாதை விளக்குகளோடு திறந்தது. மச்சினன் நடந்து மேலே வந்து, ஒரு குடம் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தான்.

அதற்குப் பிறகு சுரங்கத்தில் அவனால் வேலை பார்க்க முடியவில்லை. அத்தனை உயர்ந்த தாதுவை மண்ணுக்கடியில் ஒரு நிமிஷம் விட்டுவைக்கத் திட்டம் இடம் கொடுக்கவில்லை. கீழே காலை வைத்தால் போதும், ஹாலுக்கு வந்துவிடுவான். வந்தவன் சோபாவில் படுப்பான், ரிமோட்டை எடுப்பான், மாமாவின் பங்குச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிடுவான். மேலாளர்கள் மாறினார்கள், மென்பொருளும் பலமுறை புதுசானது. ஒன்பதுகள் அப்படியே இருந்தன. ஒரு முறை பொறியாளர் அவற்றில் சிலவற்றை அழிக்கலாமென்று உட்கார்ந்தார். "மாமா, டீ போடட்டுமா?" என்று சோபாவிலிருந்து குரல் வந்தது. சர்க்கரை கம்மியாக என்று சொல்லிவிட்டுக் கணினியை மூடினார்.

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்கிறார்கள். வெயில் காலத்தில் உள்ளேயிருந்து குளுகுளுவென்று காற்று வருகிறது என்பதால், அக்கம்பக்கத்தார் நாற்காலியோடு வந்துவிடுகிறார்கள்.