துருவன் உட்காரும் இடம்

ஐந்து பிள்ளைகளைப் பெற்றதே அதிகம், அதற்கு மேல் அத்தனை பேருக்கும் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்துகிறாளாம். வடகரப்பதியில் பிரதீபாவைப் பற்றி இப்படித்தான் பேச்சு. அது அவள் காதில் விழாமல் இல்லை. பதில் சொல்லத்தான் நேரமில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் ஏதாவது ஒரு பிள்ளை மாட்டுத் தொட்டிக்குள் இறங்கியிருக்கும்.

இத்தனைக்கும் அவள் ஒன்றும் விளையாட்டுக்கு ஆரம்பிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். மூத்தவள் கவிநயாவைப் பள்ளிக்கூட வேன் காலை ஏழு மணிக்கு அள்ளிக்கொண்டு போய்ச் சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பிப் போடும். ஒருநாள் அந்தக் குழந்தை வாயில் சோற்றை வைத்துக்கொண்டே தூங்கிப் போயிற்று. பிரதீபா அந்தச் சோற்றை விரலால் வழித்து எடுத்தாள். மறுநாள் வேன் வந்து ஹாரன் அடித்தபோது, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்றிலிருந்து கூடம்தான் வகுப்பு. கூடத்தின் நடுவில் ஒரு குட்டை மேசை, அதன் மேல் ஒரே ஒரு புத்தகம். ஆளுக்கொன்று கொடுத்துப் பார்த்தவள்தான் அவளும். ஆளுக்கொரு புத்தகம் என்றால் ஆளுக்கொரு கிழிசல். அதனால் ஒரே புத்தகத்தை நடுவில் விரித்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் படிப்பது என்று ஏற்பாடு. எழுதுவதற்கு நோட்டும் கிடையாது. சிவப்புச் சிமென்ட் தரையில் அவரவர் முன்னால் சாக்பீஸால் எழுத வேண்டியது, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டியது. வீடு துடைத்த மாதிரியும் ஆயிற்று.

உட்காரும் இடத்துக்குத்தான் பெரிய ரகளை. அந்த அடிதடி ஒரியாட்டத்தில் ஆதவன் பல்லே ஆடிப்போனது. கடைசியில் பிரதீபா, "ஆளுக்கு ஒரு எடம் புடிச்சுக்கோங்க. புடிச்ச எடத்தைப் பொறவு மாத்தக் கூடாது" என்று சட்டம் போட்டாள். மேசைக்கு ஒரு பக்கத்தில் பிரதீபா, மடியில் இரண்டு வயதுக் குட்டி வெண்பா, பக்கத்தில் பதினோரு வயது கவிநயா. இடது கைப்பக்கம் ஒன்பது வயது ஆதவன். வலது கைப்பக்கம் இரட்டையரில் ஒருத்தியான மகிழினி. நேர் எதிரே அவளோடு பிறந்த துருவன். இரட்டையருக்கு இப்போதுதான் ஆறு முடிந்தது. பெரியவர்கள் இரண்டு பேரும் தனித்தனியாக அம்மா மடியில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர்கள். இரட்டையர்தான் முழுக்க முழுக்க இந்த மேசையில் உருவானவர்கள். அந்தப் பெருமை பிரதீபாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கெடு இருந்தது. அவள் கணவன் மோகனசுந்தரத்தின் அண்ணன் கந்தப்பன் போன சித்திரையில் வைத்த கெடு. அவருக்குக் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் மண்டி. அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் அவர் சொன்னால் இந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. "ஒரு வருசம் பாக்கலாம் அம்மிணி. பொறவு நானே வந்து ஒவ்வொருத்தரையாப் படிக்கச் சொல்லிக் கேப்பேன். ஒருத்தன் தடுமாறுனாலும் சரி, ஜூன் மாசம் நாலு பேரும் ஆஸ்டல்ல இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருடைய ஒரே பையன் ஆறு வயதிலேயே ஆஸ்டலில் சேர்ந்தவன். இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டது. பிரதீபா காலையிலேயே கணவனிடம் போனாள்.

"ஏனுங்க, நீங்களாவது உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"நா என்னத்தச் சொல்லறது புள்ள? அவரு வந்து கேக்கட்டும். நம்ம பசங்கதான் நல்லாப் படிக்குதுங்களே" என்றான் மோகனசுந்தரம். அவன் குரலை உயர்த்திப் பேசுவது டிராக்டரிடம் மட்டும்தான். அதுவும் ஸ்டார்ட் ஆகாத நாளில்.

கந்தப்பன் வழக்கம்போல ஒரு சீப்பு பூவன் பழமும் ஒரு பை நிறைய பன்னுமாக வந்து இறங்கினார். பிள்ளைகள் ஐந்தும் அவர் வேட்டியைப் பிடித்துத் தொங்கின. மனிதர் நல்லவர், அதுதான் பிரதீபாவுக்குச் சங்கடம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது இருக்கலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து அன்றைய பேப்பரை எடுத்தார். "உங்க புக்கெல்லாம் வேண்டாம். அது உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். இதைப் படிங்க."

கவிநயா வந்தாள். கடகடவென்று ஒரு பத்தியைப் படித்து, நடுவில் வந்த அச்சுப் பிழையையும் திருத்தினாள். ஆதவன் வந்தான். விளையாட்டுப் பக்கம்தான் படிப்பேன் என்று அடம் பிடித்துப் படித்தான். கந்தப்பன் இரண்டு பேர் தலையையும் தடவி ஆளுக்கொரு பன் கொடுத்தார்.

"அடுத்து யாரு? துருவா, வா சாமி."

துருவன் வந்தான். பெரியப்பா பேப்பரை நேராகப் பிடித்து அவன் கையில் கொடுத்தார். பையன் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று. பேப்பரைத் திருப்பப் போனான். "அதென்ன வெளையாட்டு? நேராப் புடிச்சுப் படி" என்றார் பெரியப்பா. துருவன் அப்படியே நின்றான். ஒரு எழுத்துகூட வாயிலிருந்து வரவில்லை.

"இந்த ஒரு சொல்லை மட்டும் படி. சின்னதுதானே."

துருவன் அம்மாவைப் பார்த்தான். பிரதீபாவால் நம்ப முடியவில்லை. தினமும் இவன் குரல்தானே எல்லோருக்கும் மேலே கேட்கும்? அப்படியென்றால் ஒரு வருஷமாக அக்காவின் வாயைப் பார்த்து, அவள் சொன்னதைத்தான் இவனும் சொல்லிக்கொண்டிருந்தானா? கூட்டத்தோடு கூட்டமாகப் படிக்க வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று, டீச்சர் ட்ரெயினிங் படித்த தனக்கு ஏன் தோன்றவில்லை?

கந்தப்பன் பையனைத் திட்டவில்லை. பேப்பரை வாங்கி மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மோகனசுந்தரம் நீட்டிய டீயைக் கையில் வாங்கினார். "பரவால்ல சாமி" என்றார். அந்தக் கனிவு பிரதீபாவுக்கு அடி வாங்கினதை விட வலித்தது. "அம்மிணி, நீ மனசைப் போட்டு ஒளப்பிக்காதே. நல்ல எடமாத்தான் பாத்து வெச்சிருக்கேன். வாரா வாரம் போயிப் பாத்துக்கலாம்."

துருவன் நகரவே இல்லை. பெரியப்பாவுக்கு எதிரே நின்றபடி, அவர் மடியில் கிடந்த பேப்பரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அழுகையை அடக்கிய மூக்கை ஒருமுறை உறிஞ்சினான். பிறகு சொன்னான்:

"கொப்பரை விலை திடீர் உயர்வு. தென்னை விவசாயிகள் மகிழ்ச்சி."

"என்னது, ஏறிப்போச்சா? எவ்வளவாம்?" என்றார் கந்தப்பன். மண்டிக்காரர் ஆயிற்றே, முதலில் காதில் விழுந்தது அதுதான்.

துருவன் அடுத்த வரியையும் படித்தான். அதற்கடுத்த வரியையும். 'அதிகாரிகள் தெரிவித்தனர்' வரைக்கும் ஒரு தட்டுத் தடங்கல் இல்லை. அப்புறம்தான் கந்தப்பன் பையனைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், டீயைக் கீழே வைத்தார். பேப்பர் அவருக்கு நேராக இருந்தது. எதிரே நின்ற பையனுக்குத் தலைகீழாக இருந்தது.

பேப்பரைத் திருப்பி அவனுக்கு நேராக வைத்தார். துருவன் விழித்தான். மறுபடி தலைகீழாக்கினார். கடகடவென்று படித்தான்.

"எனக்கு இப்பிடி வெச்சாத்தான் வருமுங்க பெரியப்பா" என்று ஊடே புகுந்தாள் மகிழினி. பேப்பரைப் பிடுங்கிப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு, தலையைக் கொஞ்சமும் சாய்க்காமல் பஸ் விபத்துச் செய்தியைப் படித்துக் காட்டினாள்.

மோகனசுந்தரத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. அண்ணன் இருக்கிறார் என்று துண்டால் வாயைப் பொத்தினான். கந்தப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கியதும் துண்டை எடுத்துவிட்டான்.

பிரதீபாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. துருவன் தரையில் எழுதினதெல்லாம் தன் பக்கத்திலிருந்து பார்க்க எவ்வளவு அழகாக நேராக இருந்தது! மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே 'வெரி குட்' சொன்னாளே ஒழிய, ஒருநாளாவது எழுந்து அவன் பின்னால் போய் நின்று பார்த்தாளா? தலைகீழாக எழுதிய ஒவ்வொரு எழுத்துக்கும் தன் வாயாலேயே சரி சொல்லியிருக்கிறாள்.

"மாமா" என்றாள். கண்ணில் நீர் நின்றது. "என்ற தப்புத்தானுங்க. பசங்க மேல ஒண்ணும் இல்லீங்க. நாந்தான் ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்து சொல்லிக் குடுத்துட்டேன். நீங்க சொன்ன சொல்லுக்கு நா குறுக்க நிக்கலீங்க. ஆஸ்டல்லயே சேத்துப்போடுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்டல் என்ற சொல் கேட்டதும் கவிநயா பன்னைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

கந்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு துருவனைப் பக்கத்தில் இழுத்தார். "ஏண்டா சாமி, உனக்கு எழுத்து தலைகீழாத் தெரியுதுன்னு எப்பவும் தெரியலியா?"

"தெரியுமுங்க. அட்டையில பொம்மை எல்லாம் தலைகீழாத்தான் நிக்குமுங்க."

"அப்பறம் என்னத்துக்கு அங்கியே ஒக்காந்தே? எடம் புடிக்கச் சொன்னப்பவே அக்கா பக்கத்துல ஒக்காந்திருக்கலாமல்ல?"

பெரியப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோலப் பார்த்தான் துருவன்.

"அந்தப் பக்கம் ஒக்காந்தா அம்மா மூஞ்சி தெரியாதுங்க" என்றான்.

குட்டி வெண்பா பன்னைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கந்தப்பன் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"என்ற பையனைக் கொண்டுபோயி ஆஸ்டல்ல விட்டப்ப அவனுக்கும் இதே வயசு" என்றார், யாரிடம் என்றில்லாமல். "அழுகவே இல்லை. நல்ல பையன்னு நெனச்சேன். இப்ப போன் பண்ணுனா ரெண்டு நிமிசம் பேசறான். என்ன பேசறதுன்னு எனக்கும் தெரியறதில்லை."

ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"தம்பி, அந்த ஆஸ்டல் சீட்டு வேண்டாம்னு நானே போன் போட்டுச் சொல்லிப்போடறேன். அம்மிணி, நீ கண்ணைத் தொடச்சுக்கோ. நாப்பது பிள்ளைக இருக்கற எடத்துல இவன் எந்தப் பக்கமாப் படிக்கறான்னு எவன் வந்து பாப்பான்? இங்க நீ ஒரு வருசத்துல கண்டுபுடிச்சுட்டே."

"நா எங்கீங்க மாமா கண்டுபுடிச்சேன்? நீங்கதான..."

"செரி, செரி. நாந்தான். அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேன். அதுக்குள்ள இவன் நேராப் படிக்கோணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். போகும்போது துருவனுக்கு இரண்டு பன் கொடுத்தார். மற்ற நாலு பேரும் அதற்கு நியாயம் கேட்டுத் தெருமுனை வரை அவரைத் துரத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் பின்னாலேயே மோகனசுந்தரமும் போனான்.

கூடத்தில் பிரதீபாவும் துருவனும் மட்டும் இருந்தார்கள். அவள் புத்தகத்தை விரித்து, அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். முதல் சொல்லில் விரலை வைத்தாள். துருவன் பெரும்பாடுபட்டு எழுத்துக் கூட்டி, "காக்கா" என்றான். உடனே தலையைத் திருப்பி அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்தாள். "பறந்து" என்றான். மறுபடி திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தரம்.

நாலு வரி படித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பிரதீபா அவசரப்படுத்தவில்லை.