மூன்றாவது வரிசை, ஏழாவது இதழ்

“எந்திரி! முதல்ல வெளியே வா!”

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். கயிற்றுத் தடுப்பைத் தாண்டிப்போய், கருங்காலிப் பேழையின் முன்னால் மண்டியிட்டு, மூக்கு உரசுகிற தூரத்தில் குனிந்திருந்த அவளுடைய அண்ணன் பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்தான். வயது நாற்பத்து நான்கு.

“பார்க்கத்தானே வச்சிருக்கீங்க? பார்த்தேன்.”

“கண்ணால பார்க்கணும். மூக்கால இல்ல.”

மணி இரண்டு நாற்பது. மூன்று மணிக்குப் பரிசோதகர் வருகிறார். மரத்தில் சிப்பியும் பித்தளையும் பதித்த பழம்பொருட்களுக்கென்றே இருந்த அந்த அருங்காட்சியகத்தில், இந்தக் கூடம் அவள் பொறுப்பு. இரண்டு வருடமாகத் தற்காலிகப் பொறுப்பு. பேழையில் பதித்திருக்கும் இருநூற்றுப் பதினாறு சிப்பி இதழ்களும் அசல்தான் என்று பரிசோதகர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். ஒன்றே ஒன்று போலி என்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இயக்குநர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் முந்தாநாள் போனில் அண்ணனிடம் பெருமையாக அளந்ததுதான் அவள் செய்த தப்பு. மனிதன் தச்சுப் பட்டறையைப் பூட்டிவிட்டு, நாலு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, சொல்லாமல் கொள்ளாமல் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். தோளில் துணிப்பை. பைக்குள் பிளாஸ்க்.

“சாப்பாட்டுச் சாமான் உள்ளே கூடாதுன்னு வாசல்ல எழுதியிருக்கே, படிக்கலையா?”

“இது சாப்பாடு இல்ல. வெந்நீர்.”

“வெந்நீர் எதுக்கு?”

“தொண்டை சரியில்ல.”

“ஸ்பூன்?”

“அதுவும் தொண்டைக்குத்தான்.”

அவளுக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கேள்வி கேட்டால் பதில் வரும், ஆனால் அந்தக் கேள்விக்கு இல்லை. பதினாறு வயதில் அம்மாவின் வெள்ளைச் சீப்பை ரம்பத்தால் அறுத்து வைத்தான். ஏன்டா ஏன்டா என்று அம்மா விளக்குமாறு பிய்கிற வரை அடித்தாள். அன்றைக்கும் வாயே திறக்கவில்லை.

போன் அலறியது. கீழே வரச்சொல்லி இயக்குநர். கோப்பில் ஏதோ ஒரு தாள் குறைகிறதாம்.

வாசலில் நின்ற காவலரைக் கூப்பிட்டாள். “இவரை இந்த நாற்காலியை விட்டு நகர விடாதீங்க.”

“சொந்தக்காரரா, மேடம்?”

“என்ன செய்யறது? ஆமா.”

குறைந்த தாள் இயக்குநரின் மேஜை மேலேயே, அவருடைய காபி டம்ளருக்கு அடியில் இருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கப் பத்து நிமிடம். திரும்பும்போது காவலர் படிகளில் தடதடவென்று எதிரே இறங்கி வந்தார். அவளைக் கண்டதும் திகைத்து நின்றார்.

“நல்லாயிருக்கீங்களா, மேடம்? கீழே மயங்கி விழுந்துட்டீங்கன்னு உங்கண்ணன் சொன்னாரே! குளூக்கோஸ் வாங்க ஓடறேன்!”

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவினாள்.

அண்ணன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தான். தரையில் ஸ்பூனிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. கூடம் முழுக்க வச்சிர வாடை. தச்சர்களின் பழைய பசை அது. சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். மூன்றாவது வரிசையில் ஏழாவது இதழ் மேல் ஈரத்துணியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான். அவள் பார்க்கப் பார்க்கவே, இன்னொரு கையிலிருந்த வெள்ளை இதழ் ஒன்று அவன் சட்டைப் பையில் விழுந்தது.

பேழையில் ஓர் இதழ். பையில் ஓர் இதழ்.

“மாத்திட்டியா?” குரல் கீச்சென்றது. “அசலை எடுத்துட்டுப் போலியை வச்சிட்டியா? பாவி, இன்னிக்குத்தானா? என் வயித்துலதானா அடிக்கணும்?”

“கத்தாதே. பசை இறுகணும். அம்பது எண்ணு.”

“எண்ணறதா? திருட்டுப் பயலே, உன்னை…”

படிக்கட்டில் செருப்புச் சத்தம். இயக்குநரின் இருமல்.

அண்ணன் துணி, ஸ்பூன், பிளாஸ்க் எல்லாவற்றையும் பைக்குள் தள்ளிக்கொண்டு கயிற்றைத் தாண்டினான். அடுத்த நொடி, எதிர்ச் சுவரிலிருந்த சதுரங்கப் பலகையை ரசித்துக்கொண்டிருந்தான். உடன்பிறந்தவனைக் காட்டிக்கொடுப்பதா, வேலையைக் கைகழுவுவதா? அவள் முடிவெடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

பரிசோதகர் ஒல்லியான அம்மாள். வணக்கம்கூட முழுசாகச் சொல்லவில்லை. திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்லி, கையடக்க நீல விளக்கை ஏற்றினார். “சிப்பின்னா ஒரு மாதிரி மினுங்கும். பிளாஸ்டிக்னா அது வேற மினுக்கு. ஏமாத்தவே முடியாது.”

முதல் வரிசை. இரண்டாவது வரிசை. மூன்றாவதில் விளக்கு நின்றேவிட்டது. விரல் ஏழாவது இதழைத் தொட்டது.

“இங்க மட்டும் ஏன் சூடா இருக்கு?”

அவள் திரைச்சீலையை இன்னொரு தடவை இழுத்துவிட்டாள்.

“விளக்கை ரொம்ப நேரமா அங்கேயே பிடிச்சிருக்கீங்களே, மேடம்” என்றான் அண்ணன், சதுரங்கப் பலகையிலிருந்து திரும்பாமலே.

“இவர் யாரு?” என்றார் இயக்குநர்.

“பார்வையாளர், சார்” என்றாள். ஜென்மத்துக்கும் அப்படியே இருந்திருக்கக் கூடாதா!

பரிசோதகர் விளக்கைப் பார்த்தார், இதழைப் பார்த்தார், நகர்ந்தார். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தபோது முகத்தில் ஏமாற்றம்.

“இருநூத்துப் பதினாறும் அசல். பழைய போட்டோவுல மூணாவது வரிசை ஏழாவது இதழ் மட்டும் வேற மாதிரி தெரிஞ்சுது. அதுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்ததே. போட்டோதான் மோசம் போல.”

கையெழுத்துப் போட்டார். இயக்குநர் கை குலுக்கினார். “இனி நீங்க நிரந்தரம்மா.” இருவரும் இறங்கிப் போனார்கள்.

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை அவளுக்கு. அசல் பேழையில் இருக்கிறதென்றால் பையில் என்ன?

“காட்டு.”

அண்ணன் சட்டைப் பையிலிருந்ததை அவள் உள்ளங்கையில் வைத்தான். லேசாகப் பழுப்பேறிய வெள்ளை பிளாஸ்டிக். இதழ் வடிவம்தான், ஆனால் ஓர் ஓரத்தில், சரியாகத் தேய்க்காமல் விட்ட சீப்புப் பல்லின் அடிக்கட்டை.

“அம்மா சீப்பு!”

“அப்போ நான் இங்கே ஜன்னல் வேலைக்கு வந்த ஆசாரியோட எடுபிடி. இதழைக் காணோம்னு காவல்காரரைத் துரத்தப் பார்த்தாங்க. பிள்ளைகுட்டிக்காரர். ராத்திரியெல்லாம் தேய்ச்சு, மறுநாள் ஜன்னல் மாட்டற சாக்குல வச்சிட்டேன். எண்ணினதுதான் தப்புன்னு விட்டுட்டாங்க. என்னிக்காவது அசல் கிடைச்சா சூடு காட்டி எடுத்துக்கலாம்னுதான் வச்சிரத்துல ஒட்டினேன்.”

“அசலை எடுத்தது யாரு? நீயா? இருபத்தெட்டு வருஷமா எங்கே வச்சிருந்த?”

“எனக்கே போன வாரம்தான் கிடைச்சுது. நம்ம வீட்டுப் பழைய பீரோவைப் பிரிச்சேன், இழுப்பறைக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சு.”

“அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?”

“சொன்னா அந்தம்மா விளக்கை ஏத்தறதுக்கு முன்னாடியே நீ அழுது எல்லாத்தையும் கொட்டியிருப்பே. உன் மூஞ்சிக்கு நடிக்கத் தெரியாது.”

துணிப்பையின் அடியில் துழாவித் துருவேறிய பென்சில் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினான். “இதுக்குள்ளேதான் இருந்துச்சு.” உள்ளே ஒரு பால்பல் உருண்டது. மூடியில், நீண்ட வால் வைத்த ஒரு குரங்கு, ஆணியால் கீறியது. அதன் கீழே கோணல்மாணலாக: ‘இது என்னோடது. யாரும் தொடக் கூடாது.’

அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். வாலைத் தூக்கிய அந்த ‘து’வை இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறாள்.

“ஒண்ணாங்கிளாஸ்ல டீச்சர் இங்கே கூட்டிட்டு வந்தாங்களே, ஞாபகமிருக்கா, வாலு?” என்றான் அண்ணன். “அந்த இதழ் ஆடிக்கிட்டு இருந்துச்சாம். நிலாத்துண்டு மாதிரி இருந்துச்சாம். பிடுங்கிக் கவுனுக்குள்ளே போட்டுக்கிட்டேன்னு அன்னிக்கு ராத்திரி என் காதுல வந்து சொன்னே. எங்கே ஒளிச்சேன்னுதான் கடைசிவரைக்கும் சொல்லலை.”