என் நாற்காலி வாய் திறக்கவில்லை

எங்கள் பம்பு கம்பெனியில் யாரிடமும் அவர் குறையை நேரில் சொல்வதில்லை. அவரவர் நாற்காலியிடம் சொல்லிவிடுவார்கள். ஆள் சாப்பிடப் போனதும் மேலாளர் தெய்வசிகாமணி சார் வந்து, நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டு, குனிந்து பேசுவார். திரும்பி வந்து உட்கார்ந்தால் நாற்காலி அதை முதுகு வழியாகச் சொல்லிவிடும். சொன்ன குறைகளைத் திருத்திக்கொண்டால் ஒரு வருடத்தில் வேலை நிரந்தரம்.

எனக்குப் பதினொரு மாதம் முடிந்துவிட்டது. என் நாற்காலி வாயே திறக்கவில்லை.

முதலில், நம்மிடம் குறையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நெனப்புதான் பொழப்பைக் கெடுக்கும். அப்புறம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். மற்ற நாற்காலிகளிடம் சார் இரண்டு நிமிடம் பேசுகிறார். என்னுடையதிடம் இருபது நிமிடம். ஒருநாள் விரல் விட்டு எண்ணியும் காட்டினார்.

ஆக, அதற்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கமுக்கமாக இருக்கிறது.

பக்கத்து மேசை ரெஜினாவிடம் கேட்டேன். "உங்க நாற்காலி ஒழுங்காச் சொல்லுதுங்களா?"

"நேத்துக்கூடச் சொல்லுச்சுங்க. மெயில்ல நான் வெடுக்குவெடுக்குன்னு எழுதறேனாம். உதாரணத்தோட சொல்லுச்சு."

வயிறு எரிந்தது. நேரே சாரிடமே போனேன்.

"என்ன குறைன்னு என்கிட்டயே சொல்லிடுங்க சார். ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. வேலை போச்சுன்னா நான் எங்க போவேன்?"

சார் நெளிந்தார். "மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது, குழந்தைவேலு? மனசு சங்கடப்படாதா? எல்லாம் விலாவாரியாச் சொல்லி வெச்சிருக்கேன். உட்கார்ந்து பாருங்க."

உட்கார்ந்தேன். துடைத்தேன், தட்டிக்கொடுத்தேன், கெஞ்சினேன், கடுப்பில் ஒரு உதையும் விட்டேன். ம்ஹூம்.

வருடம் முடிந்த அன்று கடிதம் வந்தது. நிரந்தரம் நாற்காலிக்கு. சொன்ன பதினேழு குறைகளையும் ஒன்று விடாமல் திருத்திக்கொண்டதாம். நேரத்துக்கு வருகிறதாம், அடுத்தவர் பேசும்போது குறுக்கே விழுவதில்லையாம். படுபாவி! எனக்கு வரவேண்டியதையெல்லாம் அதுவே வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இன்னும் ஆறு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள், அதன் மேற்பார்வையில்.

திங்கட்கிழமை நாற்காலி தனி அறைக்குப் போய்விட்டது. மதியம் சாரை உள்ளே கூப்பிட்டு நெடுநேரம் பேசியது. வெளியே வந்த சார் நேராக என் மேசைக்கு வந்து, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் கைப்பிடி போல முன்னால் நீட்டிக்கொண்டார்.

இந்த ஆளாவது சொல்வாரா என்ற சந்தேகத்தோடே உட்கார்ந்தேன். சார் கொஞ்சம் தாழ்வாகத்தான் இருந்தார். சொன்னால் வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டேன்.