மாமியின் பெயரில் ஒரு துண்டு

அருந்ததிக்கு ஏழு வயது. வகுப்பில் அவள் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்தாள் என்று சொல்ல உரும்பிராயில் ஒரு சாட்சி கிடையாது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் இவள் யன்னலுக்கு வெளியே நிற்பாள். வரவு பதியும் இடாப்பை ஆட்டுக்குத் தின்னக் கொடுத்த அன்று தலைமையாசிரியரின் பொறுமை தீர்ந்தது. பிள்ளைக்கு என்னவென்று டொக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் அடுத்த தவணை வகுப்பு, இல்லாவிட்டால் வீடு என்று சொல்லிவிட்டார்.

தாய் பத்மாசினி ஏற்கெனவே ஓடாத இடமில்லை. மந்திரித்து நூல் கட்டுவித்தாள்; பிள்ளை அதை அவிழ்த்துக் கன்றுக்குட்டிக்குக் கட்டினாள். சாத்திரியார் சனி என்றார், பரியாரியார் பித்தம் என்றார். புருசன் முத்துக்குமாருவோ, எல்லாம் நீ கொடுத்த செல்லம் என்று சொல்லிவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டான். அதுதான் அவளைச் சுட்டது.

பட்டணத்து ஆசுப்பத்திரிக்குப் பிள்ளைகளின் மனம் பார்க்கும் டொக்டர் மாதம் ஒருமுறை வருகிறாராம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். டொக்டரைப் பார்க்கத் துண்டு எழுதிக் கொடுக்கிறவர் பெரிய கொப்பியை விரித்துப் பிள்ளையின் பெயர் கேட்டதும் அவள் பிள்ளையைத் தன் பின்னால் இழுத்தாள். நாளைக்குக் கலியாணம் பேசி வருகிறவர்கள் இந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால்? யார் வந்து புரட்டப் போகிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. பயத்தில் வாயில் வந்தது, உலகத்திலேயே அவள் மிகவும் பயப்படும் ஆளின் பெயர்: குணலட்சுமி, முத்துக்குமாருவின் தமக்கை, பிள்ளைக்கு மாமி. ஊர் கொடிகாமம் என்றாள்.

உள்ளே டொக்டர் அன்பாக, "குணலட்சுமி" என்று கூப்பிட்டார். பிள்ளை மேசைக்குக் கீழே போனாள். மறுபடி கூப்பிட்டார். பிள்ளை நிறை பார்க்கும் தராசில் ஏறிக் குதித்தாள். மூன்றாம் முறையும் திரும்பாததைக் கண்டு டொக்டரின் முகம் மாறியது. முதலில் காதைச் சோதிக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினார்.

தராசில் நின்றபடியே அருந்ததி பொறுப்போடு சொன்னாள்: "மாமி வரேல்லை. அவ வீட்டிலை நிக்கிறா."

டொக்டர் பேனையை வைத்தார். பத்மாசினி அழுதுகொண்டே பொய்ப் பெயர், இடாப்பு, ஆடு, கன்றுக்குட்டி எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். அவர் ஒரு மணித்தியாலம் பிள்ளையோடு விளையாடினார், கேட்டார், பார்த்தார்.

"நான் வளர்த்த பிழையோ, ஐயா?"

"இல்லை அம்மா. செல்லமுமில்லை, குழப்படியுமில்லை. பிள்ளையாலை ஒரிடத்திலை இருக்க ஏலாமக் கிடக்கு. உதுக்கு ஒரு பேர் இருக்கு, வழியும் இருக்கு."

அவர் சொன்ன நீளமான இங்கிலீசுப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. ஆனால் தன் பிழையில்லை என்பது விளங்கியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதக் கடதாசியை எடுத்த டொக்டர், கொப்பியில் உள்ளபடி எழுதினால் வகுப்புக்கு மாமியைத்தான் அனுப்ப வேண்டிவரும் என்றார்.

பத்மாசினி கண்ணைத் துடைத்தாள்.

"அருந்ததி. முத்துக்குமாருவின்ரை மகள். உரும்பிராய். கொப்பியிலையும் மாத்துங்கோ, ஐயா. கலியாணம் பேசி வாறவை வாசிச்சுப்போட்டே வரட்டும்."