பதினேழு பட்டைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

ஜனவரி பதினாறாம் தேதியோடு மாடுகள் திருந்திவிட்டன என்றது அறிக்கை. அதற்கு முந்தைய நாள்வரை ஓடைக்கரையை மிதித்துச் சரித்துக்கொண்டிருந்த பதினேழு மாடுகளும் அன்றிலிருந்து கரைப்பக்கம் தலைகாட்டவே இல்லையாம். இரவும் பகலும் கொட்டகையிலேயே நின்றனவாம். 'மன உளைச்சலற்ற ஓய்வு' என்று திட்ட அதிகாரி தேவகுமார் அதற்கொரு தலைப்பும் கொடுத்திருந்தார்.

ராகினி அதை இரண்டு முறை படித்தாள். மூன்று வாரம் நின்ற இடத்திலேயே நிற்கும் மாடு கோயில் வாசலில்தான் உண்டு. அதுவும் கல்லில் செய்தது.

அவள் வேலை பார்த்த அறக்கட்டளை தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. பண்ணைகளில் மண்ணையும் நீரையும் காக்கப் புது வழி காண்பவர்களுக்கு மானியம் கொடுப்பது அதன் வேலை. புது வழி எது என்று முடிவு செய்வது தேவகுமாரின் வேலை. பேட்டரி இல்லாத எதையும் அவர் புதிது என்று ஒப்புக்கொண்டதில்லை.

கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவைத் தாண்டி ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் மாடு மேய்க்கும் புஷ்பவள்ளி போன வருஷம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். 'மாடு தண்ணீர் குடிக்கத்தான் ஓடைக்கு இறங்குகிறது. மேட்டில் ஒரு தொட்டியும் குழாயும் போட்டுக் கொடுத்தால் இறங்காது.' அவ்வளவுதான். தேவகுமார் ஓரத்தில் சிவப்பு மையால் 'புதுமை இல்லை' என்று எழுதினார்.

தொட்டிக்குப் பதிலாகப் பட்டை வந்தது. மாட்டின் கழுத்தில் கட்டுவது. மாடு ஓடையை நெருங்கினால் கீச்சென்று கத்தும், மாடு மிரண்டு திரும்ப வேண்டும். மாடு நிற்கும் இடத்தை அலுவலகத்துக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். முதல் நாள் மாடுகள் மிரண்டன. மூன்றாம் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே தண்ணீர் குடித்தன, கூட்டங்களில் தேவகுமாரைக் கேட்டபடியே ராகினி தேநீர் குடிப்பதைப்போல.

அறங்காவலர்கள் வியாழக்கிழமை பண்ணையைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் 'நேரில் சரிபார்த்தேன்' என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அந்த யாராவது எப்போதும் ராகினிதான். திங்கள் காலை பாலத்தைக் கடந்து போனாள்.

கைபேசியில் பதினேழு பச்சைப் புள்ளிகளும் கொட்டகைக்குள் இருந்தன. கொட்டகையில் ஒரு மாடுகூட இல்லை. சாணம் அள்ளிக்கொண்டிருந்த புஷ்பவள்ளி நிமிர்ந்தாள்.

"வா தங்கச்சி. பசியாறிட்டியா?"

"மாடெல்லாம் எங்கக்கா?"

"எங்க போவும்? சுங்கைத் தண்ணியிலதான் நிக்குது. வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது."

"பட்டை?"

புஷ்பவள்ளி மூலையைக் கைகாட்டினாள். ஒரு நீல வாளி. அதற்குள் பதினேழு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. மன உளைச்சலற்ற ஓய்வு.

"மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் கழட்டினது. பழைய கயிறெல்லாம் எடுத்துட்டுப் புதுசு கட்டணும்லா? இதுவும் கழுத்துல கெடந்ததுதானே. கயித்தைத் தூக்கிப் போட்டுட்டேன். இது உங்க ஆபீஸ் சாமான். அதான் வாளியில போட்டு வெச்சேன்."

"திரும்பக் கட்டலையாக்கா?"

"கழட்டிப் போட்டத மறுபடி கட்டுவாங்களா? நல்லாக் கேட்ட, போ! உங்க ஆபீஸ்லேருந்து யாராச்சும் கேப்பீங்கன்னு பாத்தேன். மூணு வாரமா ஒருத்தரும் கேக்கல."

ராகினி சிரித்துவிட்டாள். புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. ஓடைக்கு அழைத்துப் போனாள். கரை மேலும் இரண்டடி சரிந்து, ஒரு செம்பனையின் வேர் வெளியே தொங்கியது. மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்று, யார் வந்தது என்று பார்க்கும் அக்கறைகூட இல்லாமல் அசைபோட்டன.

"மார்ச்சு மாசத்துக்குள்ள கரை சரியாகலேன்னா மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயிடுன்னு தோட்ட மேனேஜர் சொல்லிட்டாரு. எங்க ஓட்டிக்கிட்டுப் போறது? லிட்டில் இந்தியாவுக்கா? சேலைக் கடை வாசல்ல மேய விடறதா?"

இதுபோல் நான்கு படிவங்களில் ராகினி கையெழுத்துப் போட்டிருந்தாள். தேவகுமாரை மனதுக்குள் ஏளனம் செய்தபடியேதான் போட்டாள். அந்த ஏளனமே தன்னைச் சுத்தமாக வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சரிந்த கரையைப் பார்த்தபோது அந்த நினைப்பு கேவலமாக இருந்தது.

அங்கிருந்தே தேவகுமாரை அழைத்து, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"எல்லாப் பட்டையையும் திரும்பக் கட்டச் சொல்லு. வியாழக்கிழமைக்குள்ள."

"அறிக்கை, பாஸ்?"

"அனுப்பியாச்சுலா. போனது போனதுதான்."

புஷ்பவள்ளி கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கினாள். "சார், தொட்டி வரட்டும். பட்டை ஏறும்."

"அக்கா, தொட்டி புதுமையில வராது. ரூல்ஸ் இருக்கு."

"அப்ப வியாழக்கிழமை வர்றவங்ககிட்ட வாளியக் காட்டறேன். புது வாளிதான். போன மாசம் வாங்கினது."

ராகினி குனிந்து கைபேசிக்குள் சொன்னாள்: "பாஸ், கையெழுத்து நான்தான் போடணும். இப்போதைக்கு நான் கண்டது வாளி மட்டும்தான்."

செவ்வாய் மதியம் தொட்டி லாரியில் வந்தது. எட்டு மாதம் விதிகளைத் தாண்டி வர முடியாத தொட்டி, ஒரே நாளில் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டது. தோட்டத்துக் குழாயிலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் இழுத்தார்கள். புஷ்பவள்ளி சொன்ன சொல் தவறாமல் பட்டைகளைக் கட்டினாள். புதன் மாலைக்குள் மாடுகள் மேட்டிலேயே குடிக்கப் பழகிவிட்டன. அவற்றுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

வியாழனன்று தொட்டியின் மேல் 'அறிவார்ந்த நீரூட்டு நிலையம்' என்று பலகை தொங்கியது. அறங்காவலர்கள் குடைபிடித்து நின்றார்கள். திரையில் இருந்த புள்ளிகளும் தரையில் இருந்த மாடுகளும் முதல்முறையாக ஒரே இடத்தில் இருந்தன. பட்டையின் ஒலி மாடுகளின் மனத்தை எப்படி மாற்றியது என்று தேவகுமார் விளக்கினார். அவர் பின்னால் ஒரு கிடாரி பலகையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

வயதான அறங்காவலர் ஒருவர் புஷ்பவள்ளியிடமே கேட்கச் சொன்னார், மாடுகள் ஏன் இப்போது ஓடைக்குப் போவதில்லை என்று.

"இங்க தண்ணி இருக்கு, குடிக்குது."

தேவகுமார் அதை ஆங்கிலத்தில் சொல்ல நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

ராகினி படிவத்தில் 'நேரில் கண்டது' என்ற கட்டத்தில் எழுதினாள்: 'பட்டைகள் மூன்று வாரம் வாளியில் இருந்தன. மாடுகள் ஓடையில் இருந்தன. தொட்டி வந்ததும் மாடுகள் மேட்டுக்கு வந்தன.' எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கட்டத்தை யாரும் படிக்கவில்லை. மறுவாரம் பட்டைத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. இன்னும் ஒன்பது பண்ணைகளுக்குப் பட்டை. தொட்டி பற்றி ஒரு சொல் இல்லை.

மார்ச் கடைசியில் போனபோது கரையில் புல் பிடித்திருந்தது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, மாட்டை ஓட்டச் சொல்லாமலே போனாராம்.

"அடுத்த மாட்டுப் பொங்கலுக்கும் கழட்டிடுவேன் தங்கச்சி. இப்பவே சொல்லிட்டேன்."

ராகினி அந்த ஒன்பது பண்ணைகளின் பெயர்ப் பட்டியலை மடியில் விரித்து வைத்திருந்தாள். தொட்டி வாங்கும் வித்தையைச் சொல்ல யாரிடம் முதலில் போவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாளியப் பத்திரமா வெச்சிருங்கக்கா," என்றாள்.