வேப்பிலைச் சடை

“பதினோரு வருஷமா அம்மனுக்குச் சடை தெச்சவ நானு. இந்த வருஷம் ஆரைக் கேட்டு மாத்துனீங்க? அது தெரியாம நான் இங்கிருந்து நகர மாட்டேன்!”

சாலம்மாளின் குரல் சோடாக் கடையில் கிளம்பி, தையல் கடை, சலூன், வாடகை சைக்கிள் கடை என்று வரிசையாகத் தாண்டி, குகை மாரியம்மன் கோயில் திருப்பம் வரைக்கும் போயிற்று. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் முறத்தோடு வாசலுக்கு வந்தார்கள். நான் முறத்தை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

சோடாக் கடைப் பெரியசாமிதான் எங்கள் தெருக் கமிட்டிக்குத் தலைவர். கோலிக் குண்டை அழுத்தி ஒரு பாட்டிலைத் திறந்தபடியே, “சத்தம் போடாதே அம்மணி. கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணுச்சு” என்றார்.

“நீங்களும் சலூன் மாரியும் ஒரு பன்னீர் சோடாவைப் பங்கு போட்டுக் குடிச்சா அது கமிட்டிங்களா?”

கூட்டம் சிரித்தது. எதிர்ப்புறம் ஆறு மாதத்துக்கு முன் புருஷனோடு வந்து பூக்கடை போட்டிருந்த அத்தாயியும் சிரித்துவிட்டாள். சாலம்மாள் அப்படியே அந்தப் பக்கம் திரும்பினாள்.

“நீ எதுக்குடி சிரிக்கறே? எருமப்பட்டியில மாட்டுக் கொம்புக்கு மாலை கட்டுன கை, இங்க அம்மன் தலைக்கு வந்திருச்சா?”

அத்தாயி கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைக்கவில்லை. “மாடாச்சும் தலையைத் திருப்பிப் பாத்துச்சுங்க்கா. நீங்க தெச்ச சடையை இத்தனை வருஷத்துல ஆரு பாத்தாங்க? அம்மன் முதுகுக்குப் பின்னால இருட்டுலதானே கிடந்துச்சு?”

பேச்சில் தோற்கும்போதெல்லாம் சாலம்மாள் முந்தானையை உதறிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அன்றும் அப்படித்தான் சாத்தினாள். பொதுச் சுவர் அதிர்ந்து என் வீட்டு உறியில் இருந்த தயிர்ச் சட்டி ஆடியது.

இது நடந்தது வெகுதானிய வருஷத்து ஆடி மாதம். ஆடித் திருவிழாவில் குகை என்கிற எங்கள் பேட்டையில் வண்டி வேடிக்கை விடுவார்கள். தெருவுக்கு ஒரு மாட்டு வண்டியை ஜோடித்து, ஆண்பிள்ளைகளுக்குச் சாமி வேஷம் போட்டு அதில் உட்கார வைத்து ஊர்வலம் விடுவது. வேஷம் கட்டியவர் சிலை மாதிரி அசையாமல், கண் கொட்டாமல் இருக்கவேண்டும். எங்கள் தெரு வண்டியில் அம்மன், தையல்காரர் சின்னராஜ். ஆடி முதல் தேதியே மீசையை எடுத்துவிடுவார். வயது இருபத்தாறாகியும் கல்யாணம் தள்ளிப் போனதற்கு அதுவே காரணம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. விழுந்து கும்பிட்ட முகத்தை எந்தப் பெண் மாப்பிள்ளை என்று நினைப்பாள்?

அந்த அம்மனின் டோப்பா முடிக்குப் பூச்சடை தைப்பதுதான் சாலம்மாளின் உரிமை. அதில் அவளுக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு ஆவணி மாதம் தெரியாது என்று அர்த்தம். அம்மனுக்குச் சடை தைத்த கைதான் அந்த வருஷத்து மணப்பெண்களுக்கும் சடை தைக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். அத்தனை கல்யாண வீட்டுக்காரர்களும் வெற்றிலைத் தட்டோடு சாலம்மாள் வாசலுக்கு வருவார்கள். தைக்கப் போன இடத்தில் முதல் பந்தியில் முதல் இலை அவளுக்கு. ஆவணியில் அவள் வீட்டு அடுப்பிலிருந்து புகை வந்து நான் பார்த்ததே இல்லை. புருஷன் சென்னியப்பனும் சைக்கிள் கடையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவார்.

அந்த உரிமை இப்போது தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அத்தாயி செய்த தந்திரம் சின்னதுதான். சலூனில் இருக்கும் ஆளுயரக் கண்ணாடியை அம்மனுக்குப் பின்னால் கொஞ்சம் சாய்த்து வைத்தால், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சடை முழுக்கத் தெரியும் என்று மாரியிடம் சொன்னாள். கண்ணாடியின் தலைமாட்டில் சலூன் பெயர் சிவப்பு மையில் எழுதியிருக்கும்; அதுவும் ஊர்வலம் போகும். மாரி உடனே ஒப்புக்கொண்டார். மாரி சொன்னால் பெரியசாமிக்குச் சரி. சின்னராஜைக் கேட்டதற்கு, “ஒரு வருஷம் அவங்களுந்தான் தெச்சுப் பாக்கட்டுமே” என்றாராம். அத்தாயியின் தங்கை மாரக்காள் ஆனி மாதமே ஊரிலிருந்து வந்து கடையில் உட்கார்ந்து பூத் தொடுக்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சின்னராஜ் எங்கள் வீட்டுக்காரரிடம் தாமாகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை.

வேடிக்கை நாளன்று விடிகிற நேரத்தில் சாலம்மாள் வீட்டுக் கதவு திறந்தது. சென்னியப்பன் சைக்கிளை வெளியே எடுத்தார். பின்னால் கூடையோடு சாலம்மாள் ஏறிக்கொண்டாள். சின்னக்கடை வீதிக்குப் போய், ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய பூவை அப்படியே மடக்கிவிட்டாள். குண்டுமல்லி, முல்லை, ஜாதி எல்லாம். பூ வியாபாரி பச்சமுத்து திகைத்துப் போய்க் கேட்டிருக்கிறார்.

“ஏனுங்க, அத்தனையுமா? இன்னைக்கு எல்லாரும் பூவுக்கு வருவாங்களே?”

“அம்மன் சடைக்குங்க. தரமாட்டேன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

அம்மன் பேரைச் சொன்னபின் அவர் என்ன செய்வார்? சாக்கு விரித்து அள்ளிப் போட்டுவிட்டார். சென்னியப்பன் மூன்று நடை அடித்தார். மூன்றாவது நடையில் அவரும் தெரியவில்லை, சைக்கிளும் தெரியவில்லை. ஒரு பூமூட்டை தானாக உருண்டு வந்த மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்கு அத்தாயி வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள். கூடையைக் கடை வாசலில் வைத்தாள். பிறகு தெருவைக் கடந்து நேராகச் சாலம்மாள் வாசலுக்கு வந்தாள். நான் அப்போது தற்செயலாகக் கோலத்துக்குச் செம்மண் கரை போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க்கா, கடை வீதியில ஒரு மொட்டுக்கூட இல்லீங்க. உங்ககிட்ட இருந்தா சடை அளவுக்கு மட்டும் கொடுங்க.”

சாலம்மாள் கதவை ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து, அந்த அகலத்தில் தானே நின்றாள். “எங்கிட்ட ஏது புள்ள பூவு?”

“வாசம் தெரு முனை வரைக்கும் வருதுங்களே.”

“ஊதுவத்தி.”

“மல்லி வாசம்ங்க்கா.”

“மல்லி ஊதுவத்தி.”

அத்தாயி சாலம்மாளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அண்டாவில் மல்லி, முறத்தில் முல்லை, சென்னியப்பனின் கட்டிலில் ஜாதி. அவர் தரையில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையில் நாலு மொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் வட்டிலைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

“சரிங்க்கா, நான் வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தாயி திரும்பினாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் வேப்பமரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். தங்கையைக் கூப்பிட்டாள்.

சின்னராஜ் டோப்பாவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். சடையை அதில் தைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் டோப்பாவைத் தலையில் மாட்டிக்கொண்டு போய், அந்தக் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். அத்தாயி தைக்க, மாரக்காள் வேப்பங்கொழுந்தை ஆய்ந்து ஆய்ந்து கொடுத்தாள். கண்ணைக் கொட்டாமல் இருக்க அன்று சின்னராஜுக்கு நல்ல பயிற்சி. சாலம்மாள் வீட்டுக் கதவு சாயங்காலம் வரை சாத்தியே இருந்ததால் அவளுக்கு இது எதுவும் தெரியாது.

சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் ஏற்றியதும் வண்டி கிளம்பியது. சாலம்மாள் முன்வரிசையில் நின்றாள், எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு அல்ல. நல்ல பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, மொட்டைச் சடையைப் பார்க்கப் போகிற குஷியோடு. வண்டி திரும்பிற்று. கண்ணாடி தெரிந்தது.

சடை முழுக்க வேப்பங்கொழுந்து. வாழைப்பட்டையில் மீன் செதிள் மாதிரி அடுக்கடுக்காகத் தைத்திருந்தாள். நடுவிலே வரிசையாகப் பழுத்த வேப்பம்பழம். அந்த வெளிச்சத்தில் பவுன் குண்டு கோத்த மாதிரி மின்னியது. மாரியம்மனுக்கு வேப்பிலையைவிட என்ன வேண்டும்? ஒருத்தி குலவை போட்டாள், இன்னொருத்திக்குச் சாமி வந்துவிட்டது. பக்கத்துத் தெரு வண்டியில் இருந்த முருகன், வேஷத்தை மறந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

சாலம்மாள் முகத்தை நான் பார்த்தேன். பொறாமையில் அவளுக்கு மூக்கு நுனிதான் முதலில் சிவக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பச்சமுத்து, குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் சந்தையில் பேசியே பழகியவர். மெதுவாகப் பேச வராது.

“ஏனுங்க சாலம்மா, அம்மன் சடைக்குன்னு சொல்லி அத்தனை மல்லியையும் அள்ளிட்டுப் போனீங்களே, இங்க என்ன வேப்பிலை இருக்குது?”

குலவை நின்றது. பெரியசாமி திரும்பினார். மாரி திரும்பினார். அத்தாயி வண்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மன் பேரில் பொய் சொன்னவளுக்கு ஆவணியில் யார் தலையைக் கொடுப்பார்கள்? இரண்டு நிமிஷத்தில் பதினோரு வருஷமும் போய்விடும் போலிருந்தது.

சாலம்மாளா விடுவாள்?

“ஆமாங்க, அம்மனுக்குத்தான் வாங்குனேன்” என்றாள், இன்னும் உரக்க. “சடைக்கு வேப்பிலை, கும்பிட வர்ற பொம்பளைங்களுக்கு மல்லி. அம்மன் கனாவுல வந்து சொல்லுச்சு. ஏனுங்க, போய் எடுத்துட்டு வாங்க!”

இந்தக் கனவைச் சென்னியப்பன் அப்போதுதான் கேள்விப்பட்டார். ஆனாலும் ஓடினார். அண்டா வந்தது, முறம் வந்தது, கட்டில் விரிப்பும் மூட்டையாக வந்தது. பகலெல்லாம் ஆத்திரத்தில் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள் போல, எல்லாம் சரமாக இருந்தது. தெருவில் நின்ற ஒவ்வொருத்திக்கும் முழத்துக்குக் குறையாமல் கிள்ளிக் கொடுத்தாள். மாரக்காளுக்குக்கூடக் கொடுத்தாள். அத்தாயி மட்டும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டு முழம் வந்தது. கதவு இடுக்கில் நான் பார்த்தது அவளுக்குத் தெரியும்.

ஆவணி பிறந்தது. வழக்கப்படி அம்மனுக்குத் தைத்த கை அத்தாயியுடையது. ஆனால் மணப்பெண்ணுக்கு வேப்பிலைச் சடை வைக்க முடியுமா? “இது கல்யாண ஊடா, அம்மை போட்ட ஊடா?” என்று மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். தனக்கு மல்லிச் சடையும் தைக்கத் தெரியும் என்று அத்தாயி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதை யார் கண்டது? சாலம்மாளின் மல்லியோ மறுநாளும் ஒரு மொட்டு உதிராமல் தெருப் பெண்கள் தலையில் இருந்தது. கடைசியில் பெரியசாமி கமிட்டி கூட்டி, அதாவது இன்னொரு பன்னீர் சோடா குடித்து, தீர்ப்புச் சொன்னார். முதல் ஊசி அத்தாயி குத்தவேண்டும், மீதியைச் சாலம்மாள் தைக்கவேண்டும்.

இதற்கு ஒரேயடியாக ஒருத்தியைத் துரத்தியிருக்கலாம். அந்த ஆவணி முழுக்க, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் மணப்பெண்ணின் பின்னால் இரண்டு பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஒருத்தி குத்திய ஊசியை மற்றவள் பிடுங்கி மறுபடியும் குத்துவாள். முதல் இலையில் யார் உட்காருவது என்று பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் நாலாவது பந்திவரை நின்றார்கள். ரசத்துக்கு மேல் எதுவும் மிச்சம் இல்லை. நடுவில் சென்னியப்பன் மட்டும் முதல் பந்தியிலேயே முடித்துக்கொண்டார்.

ஆவணிக் கடைசி முகூர்த்தம் சின்னராஜுக்கும் மாரக்காளுக்கும். மீசை அப்போதுதான் அரை அங்குலம் வளர்ந்திருந்தது. மணப்பெண்ணுக்கு அக்காவாக அத்தாயிக்கு ஆயிரம் வேலை; ஊசி குத்த வர முடியவில்லை. சாலம்மாள் தனியாகவே முழுச் சடையும் தைத்தாள். எதிரிக் கடைப் பெண் என்று கை குறைக்கவில்லை. கெட்டிக்காரி, கூட்டியே வைத்தாள். மாரி கல்யாணப் பரிசாகத் தூக்கி வந்திருந்த சலூன் கண்ணாடியில் மாரக்காள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, நீ தெச்சிருந்தா இத்தனை நெருக்கமா வந்திருக்குமா?”

பந்தலில் அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டாள். அத்தாயி சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். சாலம்மாளுக்கு மூக்குச் சிவப்பதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அத்தாயிக்குச் சிவப்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஐப்பசியில் அத்தாயியும் புருஷனும் கடையைக் காலி செய்துகொண்டு ஓமலூருக்குப் போய்விட்டார்கள். மாரக்காள் தையல் கடைக்குப் பின்னால் குடித்தனம் செய்கிறாள். புருஷன் மீசையில் இனிமேல் கத்தி படக்கூடாது என்று மாரியிடம் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டாள். அடுத்த ஆடிக்கு அம்மன் வேஷம் மாரிக்கே போயிற்று, சடை சாலம்மாள்தான். சுத்தமான குண்டுமல்லி, ஒரு மொட்டு விலகவில்லை. வண்டி திரும்பியபோது இளம்பிள்ளையிலிருந்து வந்த ஒரு கூட்டம், தையல் கடையிலிருந்து இரவல் வாங்கி வைத்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “போன வருஷம் வேப்பிலையில தெச்சாங்களே, அவங்க எங்கீங்க?” என்று அவளிடமே கேட்டது.

அத்தாயி ஓமலூரில் இந்த ஆடிக்கும் வேப்பிலைச் சடைதான் தைக்கிறாளாம். இதைக் கேட்ட சாலம்மாள் அடுத்த செவ்வாய்க்கிழமையே ஓமலூருக்குப் பஸ் ஏறினாள். கறிவேப்பிலை வாங்கப் போனதாகச் சொன்னாள்.